மேம்பாலத்தில் இரண்டு வினாடி

தூத்துக்குடியில் மேடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. உப்பளம், ரோடு, கடல் மூன்றும் ஒரே மட்டத்தில் கிடக்கும். கார் என்ஜினின் பலத்தைச் சோதிக்க ஆசைப்படுகிறவனுக்கு, துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ரயில் பாதைக்கு மேலே கட்டிய மேம்பாலத்தை விட்டால் வேறு கதி இல்லை. அந்தப் பாலத்தைப் பதினோரு வருடமாகப் பரீட்சை மண்டபமாக வைத்திருந்தவர் பவுல்.

பவுலுக்கு ஐம்பத்தொரு வயது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் வேலை முடிந்து இறங்கும் மாலுமிகளை மதுரை, திருவனந்தபுரம் விமான நிலையங்களுக்குக் கொண்டுபோய் விடுவது அவர் தொழில். இருபத்தாறு வருடமாக ஸ்டியரிங்கைப் பிடித்த கை. இடுப்பு எலும்பு இரண்டு தேய்ந்துவிட்டதாக டாக்டர் படம் எடுத்துக் காட்டியிருந்தார். ஆனால் ஊரில் அவரை டிரைவர் பவுல் என்று யாரும் சொல்வதில்லை. 'பாலத்துப் பவுல்' என்றால்தான் தெரியும். பழைய கார் வாங்கப் போகிற எவரும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வண்டியை அவரிடம் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

அவர் சோதிக்கிற விதம் இப்படி. பாலம் ஏறுகிற ஊர்ப்பக்கத்தில், கார் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையின் பின்சுவரில், தார்ப்பாய்க்குள் நாலு உப்பு மூட்டை இருக்கும். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. மூன்று மூட்டையைப் பின் சீட்டில் உட்கார வைத்து சீட் பெல்ட் போடுவார். பெல்ட் போடாவிட்டால் இப்போதைய கார்கள் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கும். நாலாவது மூட்டை டிக்கியில், லக்கேஜ் கணக்கில். டயரில் காற்று முப்பத்து மூன்று இருக்கிறதா என்று பார்ப்பார். ஏசியை இரண்டில் வைப்பார். வண்டிக்காரர் பக்கத்து சீட்டில் செல்போனில் கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பாலத்தின் அடிவாரத்தில் முதல் விளக்குக் கம்பம் வரும்போது வண்டி ஐந்தாவது கியரில், சரியாக நாற்பதில் போகும். "அமுக்கு" என்பார் பவுல். ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திவிட்டு வேறு எதையும் தொட மாட்டார். உச்சியில் ஒன்பதாவது கம்பத்தைத் தாண்டும்போது மறுபடி "அமுக்கு". அதற்குள் எத்தனை வினாடி ஆயிற்று என்பதுதான் மதிப்பெண்.

"கியரைக் குறைச்சா ஏறிருமே அண்ணே, அஞ்சாவதுல வச்சு ஏன் என்ஜினப் போட்டு நசுக்குதீய?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

"கீழ் கியர்ல மாட்டுவண்டிகூட ஏறும். வண்டியோட சொந்த மூச்சு எவ்வளவுன்னு பாக்க வேண்டாமா?"

"கம்பெனிக்காரன் எண்பத்து மூணு குதிரைன்னு போட்டிருக்கானே."

"அது ஆறாயிரம் சுத்துல. ஆறாயிரம் சுத்துல நீ ஓட்டுனா பின்னாடி இருக்கவன் வாந்தி எடுப்பான். நாம ஓட்டுறது ஆயிரத்தைந்நூறுலயும் ரெண்டாயிரத்துலயும். அங்கன எத்தனை குதிரை முழிச்சிருக்குன்னு எந்தக் காகிதத்துலயும் பெருசாப் போட மாட்டான்."

இந்தப் பித்து அவருக்கு வந்ததற்கும் காரணம் உண்டு. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு புரோக்கர் பேச்சை நம்பிப் பழைய கார் ஒன்றை வாங்கினார். பெயிண்ட் பளபளத்தது. என்ஜின் சத்தமும் பூனை மாதிரி. முதல் சவாரியிலேயே நாலு மாலுமிகளும் அவர்களின் பெட்டிகளும் ஏறியதும், கயத்தாறு தாண்டி ஒரு சாதாரண ஏற்றத்தில் வண்டி லாரிக்குப் பின்னால் நின்று திணறியது. முந்த முடியவில்லை. மதுரையில் விமானம் போய்விட்டது. சவாரி கொடுத்த கப்பல் ஏஜென்சி அதோடு அவரைக் கூப்பிடவில்லை. ஆள் ஏறாத வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்ததுதான் தப்பு என்று அன்றைக்குப் புரிந்தது. அடுத்த வாரமே உப்பு மூட்டைகள் வந்து சேர்ந்தன.

ஒவ்வொரு சோதனையையும் நீல அட்டை போட்ட நீள நோட்டில் எழுதினார். தேதி, வண்டிக்காரர் பெயர், போன் நம்பர், வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை வினாடி. நூற்று நாற்பத்து மூன்று வண்டிகள் அதில் இருந்தன. டீக்கடையில் தினமும் நடக்கிற பெரிய வழக்குக்கும் அந்த நோட்டுதான் சாட்சி. வழக்கு இதுதான்: ஒரே அளவு பெட்ரோல் என்ஜின், ஒரே வயசு என்றால், கொரியாக்காரன் வண்டிக்குப் பலமா, ஜப்பான்காரன் வண்டிக்குப் பலமா?

ஒருமுறை கொரிய மாலுமி ஒருவர் பவுலின் காரில் ஏறியதும் டேஷ்போர்டை அன்போடு தட்டி, "மை கன்ட்ரி" என்றார். "நோ சார், மெட்ராஸ் பக்கம்" என்றார் பவுல். ஆனாலும் அவர் தீர்ப்பு கொரியா பக்கம்தான். நோட்டு அப்படித்தான் சொன்னது. கொரிய வண்டிகள் சராசரியாக இருபத்து மூன்று வினாடியில் ஏறின. ஜப்பான் வண்டிகளுக்கு இருபத்தைந்து ஆனது. இரண்டு வினாடி என்பது சின்ன விஷயம் இல்லை. எதிரே பஸ் வரும்போது லாரியை முந்துகிறவனைக் கேட்டால் சொல்வான்.

மார்ச் மாதம் சங்கரபாண்டியன் அண்ணாச்சி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். உடன்குடிப் பக்கத்துக் குடும்பம். கருப்பட்டியில் தொடங்கி, மளிகை, சிமெண்ட் என்று வளர்ந்து, இப்போது மாலுமிகளை ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் ஒன்றை எடுத்திருந்தார். ஒரே நேரத்தில் எட்டு வண்டி வாங்கப் போகிறார்.

"பவுலு, எனக்கு என்ஜினும் தெரியாது, இஞ்சியும் தெரியாது. நீ எதச் சொல்லுதியோ அதான். வார திங்கக்கிழமை ஆர்டர். எட்டு வண்டியும் உன் பொறுப்பு. இனிமே நீ வண்டி ஓட்ட வேண்டாம். ஆபீஸ்ல உக்காந்து டிரைவர்மாரப் பாத்துக்கோ."

"கொரியன் வண்டிதான் அண்ணாச்சி" என்றார் பவுல். நோட்டைக் காட்டினார். அண்ணாச்சி அதை வாங்கிப் புரட்டி, "படிச்சவன்கூட இப்படி எழுத மாட்டாம்டே" என்று மருமகன் ஜெயகணேஷிடம் சொல்லி, கடைசிப் பக்கத்துக் கூட்டலை ஜெராக்ஸ் எடுத்து மேஜைக் கண்ணாடிக்குக் கீழே செருகி வைத்தார். மூன்றாம் நாள் விசிட்டிங் கார்டு வந்துவிட்டது. பவுல், மேலாளர். பவுலின் மனைவி ரீனா ஒரு கார்டை வாங்கி மாதா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் முஹ்யித்தீன் காக்கா வந்தார். காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். பவுலும் அப்படியே கூப்பிடுவார். வளைகுடாவில் இருபத்திரண்டு வருடம் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே ஓட்டியதெல்லாம் ஜப்பான் வண்டி. இங்கே வந்து வாங்கியதும் ஜப்பான் வண்டி. பல் மருத்துவம் படித்த மகள் சமீராவுக்கு அந்தக் காரைக் கொடுக்க நினைத்தார். அவள் தினமும் காயலிலிருந்து தூத்துக்குடி கிளினிக்குக்கு ஓட்டி வர வேண்டும். மகளோ, "பவுல் அண்ணன் நல்ல வண்டின்னு சொல்லட்டும் வாப்பா, எடுத்துக்குறேன்" என்றுவிட்டாள்.

"இருவத்திரண்டு வருசம் பாலைவனத்துல ஓட்டுனவன் நான். என் வண்டிக்கு நீ மார்க் போடுறே" என்று சிரித்தபடி காக்கா பக்கத்து சீட்டில் ஏறினார். மணி நாலு. பாலத்தில் ஏறினார்கள். இருபத்தைந்து வினாடிக்கு மேலே அரை.

உச்சி தாண்டி ஓரமாக நிறுத்தினார் பவுல். காக்கா கீழே இறங்கிய மறு நிமிடம் அவருடைய வெள்ளைத் தொப்பி தலையிலிருந்து எழும்பி, ஏறி வந்த வழியே ஊரைப் பார்த்து உருண்டு ஓடியது. அறுபது வயதுக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினார். உப்பு லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துச் சிரித்தான்.

திரும்பி வந்தவரிடம் பவுல் சொன்னார்: "மூச்சு கம்மி காக்கா. பாப்பாவுக்கு வேண்டாம்."

"மூச்சு எனக்குத்தான் வாங்குது. வண்டிக்கு இல்ல."

"நோட்டு பொய் சொல்லாது காக்கா. ஜப்பான் வண்டி பூரா இப்பிடித்தான்."

காக்கா தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார். சிரிப்பு போயிருந்தது. "அடுத்த வாட்டி நான் ஓட்டுறேன். நீ பக்கத்துல இரு. உன் கால்ல ஏதோ இருக்கு."

பவுலுக்குச் சுருக்கென்றது. காலில் ஏதோ இருக்கிறதாம்! "என்னைக்கு வேணாலும் வாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தார். ஜும்ஆ தொழுகைக்கு ஊரில் இருக்க வேண்டும் என்பதால் மதியம் வர முடியாது. காலை ஏழரைக்கே வந்து நின்றார். அதே வண்டி, அதே நாலு மூட்டை, டயரில் அதே முப்பத்து மூன்று. காக்கா ஓட்டினார். ஒன்பதாவது கம்பத்தில் பவுல் கடிகாரத்தை அமுக்கிவிட்டுப் பார்த்தார். இருபத்து மூன்று.

"முதல் கம்பத்துல நாப்பதுக்கு மேல போயிட்டீய" என்றார் பவுல்.

"அப்ப நீ ஓட்டு."

பவுல் ஓட்டினார். இருபத்து மூன்று. இன்னொரு தடவை, இருபத்திரண்டே முக்கால். காக்கா செல்போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். 

உச்சி தாண்டி வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். கிழக்கே கப்பல்களின் கிரேன்கள் தெரிந்தன. காக்கா இந்தத் தடவை இறங்கும்போதே தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டார், நெற்றிப் பக்கம். காற்று பிடரியிலிருந்து வந்து அதைத் தூக்கியது. தொப்பி கடலைப் பார்த்துப் பறந்து, தடுப்புச் சுவரில் மோதி விழுந்தது.

பவுல் அதை எடுக்கப் போனார். எடுத்தவர் அப்படியே நின்றார். செவ்வாய்க்கிழமை ஊரைப் பார்த்து ஓடிய தொப்பி.

"என்னப்பா, அதுல என்ன எழுதியிருக்கு?" என்றார் காக்கா.

பவுல் பிறந்தது கடலோரத் தெருவில். அப்பா சங்கு குளிக்கப் போனவர். பவுலும் பதினாலு வயதிலிருந்து மூன்று வருடம் மாமாவின் வள்ளத்தில் போயிருக்கிறார். விடிகிற நேரம் கரைக்காற்று கடலைப் பார்த்து அடிக்கும்; பாயை விரித்தால் தள்ளிக்கொண்டு போய்விடும். வெயில் ஏறியதும் கடற்காற்று திரும்பும். அதைப் பிடித்துத்தான் கரைக்கு வர வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து நாளெல்லாம் அடித்து மணலை வாரி இறைக்கும். இது அவர் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்றைக்கும் மொட்டை மாடியில் துணி ஆடுவதைப் பார்த்து மணி சொல்லுவார். அந்த ஆள்தான் பதினோரு வருடமாக ஒரே பாலத்தில், கிழக்கு நோக்கி மட்டும் வண்டி ஏற்றியிருக்கிறார். மறுபக்கம் இறங்கினால் துறைமுக லாரி வரிசைக்குள் மாட்டி, சுற்றிக்கொண்டு வர வேண்டும் என்று உச்சியிலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்; அந்தப் பக்கத்திலிருந்து ஒருநாளும் ஏற்றியதில்லை. டயருக்குள் இருந்த காற்றை ஒவ்வொரு தடவையும் அளந்தார். வெளியே அடித்ததை ஒருதடவையும் நினைக்கவில்லை. காற்று என்பது கடலில் இருக்கிற சமாச்சாரம் என்று வள்ளத்தோடு கரையில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

சனிக்கிழமை சவாரி இல்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நேரம் எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் பெயரைப் பார்த்ததும் நேரம் நினைவுக்கு வந்தது. கொரிய வண்டிகளில் பாதிக்கு மேல் பைபாஸில் பழைய கார் யார்டு வைத்திருக்கும் சுடலைக்கண்ணன் கொண்டுவந்தவை. அவன் யார்டைத் திறப்பதற்கு முன்னால், ஏழு ஏழரைக்கே வந்துவிடுவான். கரைக்காற்று முதுகைத் தள்ளுகிற நேரம். ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலானவை காயல்பட்டினத்துக்காரர்களுடையவை. வளைகுடாவில் ஓட்டிப் பழகிய வண்டி என்பதால் அவர்கள் ஜப்பானைத்தான் நம்புவார்கள். மதியம் லுஹர் தொழுது, சாப்பிட்டு, கிளம்பி வந்து சேர நாலு மணி ஆகிவிடும். கடற்காற்று முகத்தில் அறைகிற நேரம்.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. ஒன்பது ஜப்பான் வண்டிகள் இருபத்து மூன்றிலும் இருபத்து மூன்றரையிலும் ஏறியிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டு, 'அதிசயம், நல்லாப் பராமரிச்ச வண்டி' என்று எழுதி வைத்திருந்தார். அந்தத் தேதிகளைப் பார்த்தார். ஜூன், ஜூலை, ஜூன், ஜூலை. ஒன்பதில் ஏழு. கச்சான் மேற்கிலிருந்து நாளெல்லாம் அடிக்கிற மாதங்கள். அந்த மாதங்களில் மதியம் வந்தாலும் காற்று முதுகில்தான். நோட்டு பதினோரு வருடமாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அது என்ஜினைப் பற்றிய உண்மை இல்லை, அவ்வளவுதான்.

ரீனா இறால் ஏற்றுமதி கம்பெனியில் தரம் பிரிக்கும் வேலை பார்ப்பவள். ஷிப்ட் முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள்.

"அப்ப கொரியன் வண்டி மோசமான வண்டியா?"

"இல்ல. நல்ல வண்டிதான்."

"அண்ணாச்சி வாங்குனா நட்டப்படுவாவளா?"

"மாட்டாவ."

"அப்புறம் என்னத்தச் சொல்லப் போறீய? எந்த வண்டிய வாங்குனாலும் ஓடத்தான் போவுது. உங்க இடுப்புதான் ஓடாது."

பவுல் நோட்டை மூடினார். அவள் துண்டால் காலைத் துடைத்தாள். பிறகு வேறு ஏதோ எரிச்சலில் பேசினாள்: "எங்க கம்பெனில இன்னைக்கு ஒரே ரோதனை. காலைல தராசு அம்பது கிராம் கூடக் காட்டியிருக்கு. மத்தியானம் கண்டுபிடிச்சாவ. போட்ட எரநூறு பெட்டியையும் திரும்ப எடை போடச் சொல்லிட்டா அந்த சூப்பர்வைசர் ஷீஜா. பாதிப் பெட்டி சரியாத்தான் இருந்துச்சு. சரியா இருந்தாலும் போடணுமாம். கை வெரச்சுப் போச்சு."

சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ, நான் அதுக்குச் சொல்லல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைப் பூசை முடிந்ததும் காக்காவுக்குப் போன் போட்டார். "வண்டிய எடுத்துட்டு வாங்க. சாப்பாடும் கட்டிக்கோங்க, சாயந்தரம் ஆயிரும்." தான் ஓட்டும் கொரிய வண்டியையும் கொண்டுவந்தார். அன்றைக்கு லாரி குறைவு. காலையில் இரண்டு வண்டியையும் கிழக்கே ஒருமுறை, சுற்றி வந்து மேற்கே ஒருமுறை ஏற்றினார்கள். அந்தப் பக்கமும் ஒன்பது கம்பம் எண்ணி வைத்துக்கொண்டார்கள். பாலத்தடியில் உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்டார்கள். மூட்டைகள் பெல்ட் போட்டபடி காருக்குள் காத்திருந்தன. "இந்த மூணு பேரும் டீகூடக் கேக்கல பாத்தியா" என்றார் காக்கா. மூன்றரை மணிக்கு மேல் திரும்பவும் அதே மாதிரி.

எட்டு ஓட்டம். காலையில் கிழக்கே கொரியா இருபத்து மூன்று, ஜப்பான் இருபத்து மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. மாலையில் கிழக்கே இரண்டுமே இருபத்தைந்து, கொரியா கால் வினாடி முன்னால். மேற்கே ஏறும்போது எல்லாம் தலைகீழ்: காலையில் இரண்டும் மெதுவாக, மாலையில் இரண்டும் வேகமாக. வண்டிக்கு வண்டி வித்தியாசம் கால் வினாடி. காற்றுக்குக் காற்று வித்தியாசம் இரண்டு வினாடி.

காக்கா எழுதியதை வாங்கிப் பார்த்தார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது அவருக்கு.

"அப்ப ஜப்பான் ஜெயிக்கலியா?"

"தோக்கவும் இல்ல காக்கா."

"இருவத்திரண்டு வருசம் நான் சண்ட போட்டேனே அங்க, எல்லார்கிட்டயும்."

"நான் பதினோரு வருசம் தீர்ப்பே சொன்னேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பவுலின் சிரிப்பு பாதியில் நின்றது. மறுநாள் திங்கள்.

சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் கடைக்கு ஒன்பது மணிக்குப் போனபோது, ஜெயகணேஷ் ஆர்டர் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குக் கீழே ஜெராக்ஸ் இருந்தது. பவுல் நின்றபடியே சொன்னார். பாலம், காற்று, தொப்பி, எட்டு ஓட்டம் எல்லாவற்றையும். அண்ணாச்சி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சரி. அப்ப ஜப்பான் வண்டியா வாங்கணும்?"

"அப்பிடியும் சொல்ல முடியாது அண்ணாச்சி."

"கொரியன் வண்டி?"

"அதுவும் சொல்ல முடியாது. என் நோட்ட வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பத்து நாள் குடுங்க. ரெண்டுலயும் நாலு நாலு வண்டி பிடிச்சு, ரெண்டு பக்கமும் ஏத்திப் பாத்து…"

"பவுலு." அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "முதல் கப்பல் இருவதாம் தேதி வருது. நான் பத்து நாள் கழிச்சு, 'காத்து எந்தப் பக்கம் அடிக்கு'ன்னு பாத்துட்டா ஆர்டர் போடுவேன்? எந்த வண்டின்னு கேட்டா டக்குனு சொல்ல ஒரு ஆள் வேணும்னுதான் உன்னை வச்சேன்."

"டக்குனு சொன்னதுதான் தப்பாப் போச்சு அண்ணாச்சி."

ஜெயகணேஷ் பேனாவை மூடாமல் மாமனாரைப் பார்த்தான். அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஜெராக்ஸைப் பார்த்தார். பிறகு மேஜைக் கண்ணாடியைத் தூக்கச் சொல்லி, அதை உருவி பவுலிடம் நீட்டினார். கோபமாக நீட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கொரியனே போட்டிருடே" என்றார் மருமகனிடம். "அவன்தான் சீக்கிரம் தாரான்." பிறகு பவுலிடம்: "ஆபீஸ ஜெயகணேஷ் பாத்துக்கட்டும். உனக்கு ஒரு வண்டி உண்டு. புது வண்டி, இடுப்புக்கு நல்லா இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் மாதா படத்துப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தார். ரீனாதான் அந்தப் பக்கம் போனாள். கார்டை எடுத்து நோட்டுக்குள் வைத்தாள். "கார்டுல பேரு நல்லாத்தான் அடிச்சிருந்தான்" என்று மட்டும் சொன்னாள்.

நோட்டில் பெயருக்கு நேரே போன் நம்பரும் இருந்தது. வேண்டாம் என்று அவர் சொன்ன வண்டிகள் முப்பத்தெட்டு. முதலில் எல்லாருக்கும் ஒரே வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்று நினைத்தார். பேசிப் பார்த்து மூன்று தடவை அழித்தார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். சிலர் யார் பேசுவது என்றே தெரியாமல் வைத்துவிட்டார்கள். ஒருவர் திட்டினார். விளாத்திகுளத்தில் பள்ளிக்கூட டீச்சராக இருக்கும் ஜெபசுதா நிதானமாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, நீங்க வேண்டாம்னு சொன்ன அந்த வண்டிய நான் அப்பவே வாங்கிட்டேன். அஞ்சு வருசமா ஓடுது. உங்க கிட்ட சொல்லத்தான் கூச்சமா இருந்துச்சு" என்றாள்.

"எப்பிடி ஏறுது?"

"எங்க ஊர்ல ஏற ஏதுண்ணே மேடு?"

கடைசி அழைப்பு சமீராவுக்கு. அவள் ஏற்கெனவே வாப்பாவின் காரில்தான் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தாள். "வாப்பா உங்களப் பத்தியே பேசுறாங்க அண்ணே. ஜப்பான் ஜெயிச்சிருச்சுன்னு ஊர் பூரா சொல்லியாச்சு."

"கால் வினாடிம்மா. அதுவும் காலைல மட்டும்."

"அதை அவங்க சொல்லல" என்று சிரித்தாள்.

இருபதாம் தேதி கப்பல் வந்தது. அண்ணாச்சியின் புதுக் கொரிய வண்டி ஒன்றைப் பவுல் ஓட்டினார். நாலு மாலுமிகள், நாலு பெரிய பெட்டிகள். கயத்தாறு தாண்டி அந்தப் பழைய ஏற்றத்தில், ஒரு லாரிக்குப் பின்னால் வந்ததும் அவரையறியாமல் கால் விறைத்தது. வண்டி முனகாமல் முந்திப் போனது. நல்ல வண்டி. இதைத்தான் வாங்கச் சொன்னார்; இதைத்தான் வாங்கினார்கள். எதற்காக ஆபீஸ் நாற்காலியை விட்டுக்கொடுத்தோம் என்று மதுரை வரை யோசித்துக்கொண்டே போனார். இடுப்பு வலித்தது. சாலையோரம் கருவேல மரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று கண் தானாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பாலத்துக்கு ஆள் வர மாட்டார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். இரண்டு வாரம் யாரும் வரவில்லைதான். மூன்றாவது வாரம், மதியம் மூன்றரைக்கு, பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து முத்துக்கனி என்றொருவர் மனைவியோடு ஒரு பழைய காரில் வந்து இறங்கினார். மிளகாய் விவசாயி.

"பாலத்துப் பவுல்னு சொன்னாவ. நீங்கதானா அண்ணாச்சி?"

"நான்தான்."

"இது ஜப்பான் வண்டி. கொரியன்தான் பவர் கூடன்னு ஒருத்தன் சொல்லுதான், இதுதான்னு இன்னொருத்தன் சொல்லுதான். எதுண்ணே?"

பவுல் பேனாவை எடுத்தார். மேம்பாலத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். ஒன்பதாவது கம்பத்தில் ஆள் உயரத்தில் அவர் கட்டியிருந்த பழைய வலைத் துண்டு, நீல நிறத்தில், ஊரைப் பார்த்து விறைத்து நின்றது. புது நோட்டைத் திறந்து, தேதிக்குப் பக்கத்தில் புதிதாகக் கோடு போட்டிருந்த கட்டத்தில் 'கடற்காற்று, பலம்' என்று எழுதினார்.

"இப்ப ரெண்டு பக்கமும் ஏத்தணும். நாளைக்குக் காலைல திரும்ப வந்து ரெண்டு பக்கமும் ஏத்தணும். அதுக்கப்புறமும் கொரியாவா ஜப்பானான்னு என்னால சொல்ல முடியாது. இந்த ஒரு வண்டியப் பத்தி மட்டும் சொல்லுவேன். சம்மதமா?"

முத்துக்கனி மனைவியைப் பார்த்தார். அவள் காரின் பின்கதவைத் திறந்தாள்.

"மூட்டைய எங்கன வைக்கணும்?" என்றாள்.